மின்விசிறி மறுபடி சுழலும் நேரம்

கோடைக்கால இரவில் மின்சாரம் போய், ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வரும்போது வீட்டில் இருக்கும் எல்லோர் வாயிலிருந்தும் ஒரே சொல் வருகிறது: "அப்பாடா!" மின்விசிறி மறுபடி சுழலும் அந்த முதல் நிமிடத்துக் காற்றுக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. பத்து நிமிடம் போனால் தலைக்கு மேல் விசிறி இருப்பதே யாருக்கும் நினைவில்லை. விசிறி அதேதான், காற்றும் அதேதான், கவனம்தான் வேறு எங்கோ போய்விட்டது. அன்றாட வாழ்வின் சிறிய இன்பங்கள் எதிரிலேயே இருந்தும் கண்ணில் படாமல் போவது ஏன், அவற்றை மறுபடி பார்ப்பதில் நன்றியுணர்வுக்கு என்ன பங்கு என்ற கேள்விகளை உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். கிடைத்த விடைகளில் சில, தமிழ் வீடுகளில் தினமும் புழங்கும் சொற்களுக்குள்ளேயே இருக்கின்றன.

பழகிப்போகும் மனம்

மாறாமல் இருப்பதை மனம் சீக்கிரமே கணக்கிலிருந்து எடுத்துவிடும். மூக்கின் மேல் இருக்கும் கண்ணாடியின் எடையையோ, கையில் கட்டிய கடிகாரத்தின் அழுத்தத்தையோ யாரும் நாள் முழுக்க உணர்ந்துகொண்டிருப்பதில்லை. மகிழ்ச்சிக்கும் இதே கதிதான் என்று 1971இல் பிலிப் பிரிக்மன், டொனால்டு கேம்பெல் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் எழுதினார்கள். புதிய வீடு, புதிய வேலை, சம்பள உயர்வு எல்லாம் சில காலம் இனிக்கும். பிறகு அதுவே வழக்கமாகிவிடும், மனம் அடுத்ததைத் தேடும். டிரெட்மில்லில் எவ்வளவு ஓடினாலும் நின்ற இடத்திலேயே நிற்பதைப் போன்றது இது என்று அவர்கள் ஒப்பிட்டார்கள்.

இந்தக் கருத்தைச் சோதிக்க, 1978இல் பிரிக்மனும் இரண்டு சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் இல்லினாய் மாநில லாட்டரியில் பெரிய பரிசு பெற்ற 22 பேரையும், பரிசு பெறாத 22 பேரையும் ஒப்பிட்டார்கள். பரிசு பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இல்லை. செய்தித்தாள்களில் பரவலாக வந்தது இந்த முடிவுதான். அதைவிட முக்கியமான இன்னொரு முடிவு அதிகம் பேசப்படவில்லை. நண்பரோடு பேசுவது, காலை உணவு சாப்பிடுவது, தொலைக்காட்சி பார்ப்பது, நகைச்சுவைத் துணுக்கு ஒன்றைக் கேட்பது போன்ற சின்ன விஷயங்களில் எவ்வளவு இன்பம் கிடைக்கிறது என்று கேட்டபோது, பரிசு பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் குறைவான மதிப்பெண் கொடுத்தார்கள். பெரிய அதிர்ஷ்டம் ஒன்று வந்து, தினசரி இட்லியின் ருசியை மங்கவைத்துவிட்டது போல. ஆனால் 22 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஸ்வீடனில் லாட்டரி வென்றவர்களைப் பெரிய எண்ணிக்கையில் பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஆய்வு, பணம் தரும் வாழ்க்கைத் திருப்தி பத்தாண்டுக்கு மேலும் நிலைக்கிறது என்று காட்டியது. ஆகவே பணத்தால் பயனில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வரவு எவ்வளவு பெரிதானாலும், அதற்குப் பின்னும் கவனிக்கும் பழக்கத்தைத் தனியாக வளர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மனம் இப்படி அமைந்ததற்குக் காரணம் உண்டு. புதரில் கேட்ட சலசலப்பைக் கவனிக்கத் தவறியவன் பிழைத்திருக்க மாட்டான், பூத்த மரத்தைப் பார்க்கத் தவறியவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நல்லதைவிடக் கெட்டது மனத்தில் ஆழமாகப் பதிகிறது என்பதற்கான சான்றுகளை ராய் பாமைஸ்டர் குழுவினர் 2001இல் திரட்டித் தந்தார்கள். பத்துப் பேர் பாராட்டி ஒருவர் குறை சொன்னால் இரவில் தூக்கத்தைக் கெடுப்பது அந்த ஒருவர் சொன்னதுதான். போதாததற்கு மனம் இருக்கும் இடத்தில் இருப்பதும் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2,250 பேரைக் கைப்பேசி வழியாக எதிர்பாராத நேரங்களில் கேட்டுத் திரட்டிய விவரம் 2010இல் வெளியானது. கேட்ட நேரங்களில் 46.9 சதவீதம், அவர்கள் மனம் கையில் இருந்த வேலையை விட்டு வேறெங்கோ இருந்தது. அப்படி அலைந்த நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது.

வாரம் ஐந்து வரி

நன்றியுணர்வைச் சோதனைக்கு உட்படுத்திய முதல் பெரிய முயற்சி 2003இல் வெளியானது. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் கல்லூரி மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, வாரம் ஒருமுறை எழுதச் சொன்னார்கள். ஒரு குழு அந்த வாரத்தில் நன்றி பாராட்டத்தக்க ஐந்து விஷயங்களை எழுதியது. இன்னொரு குழு எரிச்சலூட்டிய ஐந்து விஷயங்களை எழுதியது. மூன்றாவது குழு வாரத்தில் நடந்தவற்றை மட்டும் குறித்தது. பத்து வாரம் இது நடந்தது.

அந்தக் குறிப்புகளில் பெரிய வெற்றிகள் எதுவும் இல்லை. காலையில் கண் விழித்தது, நண்பர்களின் தாராள மனம், நல்ல பெற்றோர் வாய்த்தது என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவுக்கு நன்றி சொல்லியிருந்தார். எரிச்சல் பட்டியலிலும் அப்படித்தான்: வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை, யாரும் சுத்தம் செய்யாத சமையலறை, கரைந்துபோகும் கைக்காசு. முடிவில், நன்றி எழுதிய குழு தங்கள் வாழ்க்கையை மொத்தமாக எண்ணிப் பார்க்கையில் கூடுதல் நிறைவைச் சொன்னது. வரும் வாரம் நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை அவர்களிடம் அதிகம் இருந்தது, உடல் உபாதைகளைக் குறைவாகச் சொன்னார்கள். எரிச்சல் எழுதிய குழுவைவிட வாரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கூடுதலாக உடற்பயிற்சியும் செய்திருந்தார்கள்.

இதே ஆய்வின் மற்றொரு பகுதி இன்னும் கனமானது. நரம்பு, தசை நோய்களோடு வாழும் 65 பேர் அதில் பங்கேற்றார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் 21 நாள் தினமும் நன்றிக் குறிப்பு எழுதினார்கள், மற்றவர்கள் எழுதவில்லை. எழுதியவர்கள் கூடுதல் நேரம் தூங்கினார்கள், புத்துணர்ச்சியோடு எழுந்தார்கள். அவர்களின் வாழ்க்கைத் துணைகளிடம் தனியே கேட்டபோது, அவர்களும் மாற்றத்தைக் கண்டதாகச் சொன்னார்கள். நோய் போகவில்லை, உடல் வலி தீரவில்லை. அந்த வலியோடு கழிந்த நாளுக்குள்ளேயே நல்லதாக இருந்த ஏதோ ஒன்று கணக்கில் ஏறியிருக்கிறது.

2005இல் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் வேறொரு பயிற்சியைச் சோதித்தார்கள். ஒரு வாரம், தினமும் இரவில், அன்று நன்றாக நடந்த மூன்று விஷயங்களை எழுத வேண்டும். ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்றும் எழுத வேண்டும். பயிற்சி ஒரு வாரம்தான், ஆனால் அதன் பலன் ஆறு மாதம் கழித்தும் தெரிந்தது. சொன்ன வாரத்தோடு நிறுத்தாமல் தாங்களாகவே தொடர்ந்தவர்களுக்குத்தான் அது அதிகம் கிடைத்தது. இந்தப் பயிற்சியின் உயிர் "ஏன்" என்ற கேள்வியில் இருக்கிறது. பேருந்தில் இடம் கிடைத்தது ஏன் என்று கேட்டால், எழுந்து இடம் கொடுத்த பெண்ணின் முகம் நினைவுக்கு வரும். மதியச் சாப்பாடு சூடாக இருந்தது ஏன் என்று கேட்டால், காலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைத்த கை தெரியும். தற்செயலாகத் தோன்றிய ஒன்றுக்குப் பின்னால் ஒரு மனிதர் நிற்பார்.

இந்தப் பயிற்சியும் பழகிப்போகும் என்பதுதான் சிக்கல். சோனியா லியுபோமிர்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் ஆறு வாரம் நடத்திய சோதனையில் ஒரு குழு வாரம் ஒருமுறையும் மற்றொரு குழு வாரம் மூன்று முறையும் நன்றி எழுதியது. மகிழ்ச்சி கூடியது வாரம் ஒருமுறை எழுதிய குழுவுக்குத்தான். மூன்று முறை எழுதியவர்களுக்கு அது வீட்டுப்பாடம் போல ஆகிவிட்டிருக்க வேண்டும். தினம் "குடும்பத்துக்கு நன்றி, உடல்நலத்துக்கு நன்றி" என்று எழுதுகிறவர் நான்காம் நாள் எதையும் பார்க்காமலே எழுதத் தொடங்கிவிடுவார். காய்கறிக்காரம்மா கறிவேப்பிலைக் கொசுறோடு இரண்டு பச்சை மிளகாயும் போட்டுக் கொடுத்தார் என்று எழுத வேண்டுமானால் அன்றைய நாளைப் பார்த்தே ஆக வேண்டும்.

இல்லாமல் போயிருந்தால்

திரும்பி வந்த மின்சாரம் இனிப்பதற்குக் காரணம், அது ஒரு மணி நேரம் இல்லாமல் இருந்ததுதான். இல்லாமையை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்த்த ஆய்வும் உண்டு. ஜோர்டி குவாட்பாக், எலிசபெத் டன் இருவரும் 2013இல் வெளியிட்ட சோதனையில் சிலர் ஒரு வாரம் சாக்லேட்டைத் தொடவில்லை, சிலருக்கு வேண்டிய மட்டும் கொடுக்கப்பட்டது, சிலருக்கு எந்தக் கட்டுப்பாடும் சொல்லப்படவில்லை. வாரம் முடிந்து எல்லோரும் சாக்லேட் சாப்பிட்டபோது, விட்டிருந்தவர்களே அதிகம் ரசித்தார்கள். விரதம் இருந்து பழகிய சமூகங்களுக்கு இது புதிதாக இருக்காது. ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்து முதல் மிடறுத் தண்ணீருக்கும், பள்ளிவாசலில் கொடுக்கும் நோன்புக் கஞ்சிக்கும் இருக்கும் ருசி அந்தப் பகல் முழுவதும் சேர்ந்து கொடுத்தது.

உண்மையில் இழக்காமலே இழப்பை நினைத்துப் பார்த்தாலும் இதே பலன் உண்டா? மின்கியுங் கூ, சாரா அல்கோ, திமோதி வில்சன், டேனியல் கில்பர்ட் நால்வரும் 2008இல் இதைச் சோதித்தார்கள். நிலையான இணையுறவில் இருப்பவர்களில் ஒரு குழுவினர், தங்கள் துணையைச் சந்தித்தது எப்படி என்று எழுதினார்கள். இன்னொரு குழுவினர், அந்தச் சந்திப்பு நடக்காமலே போயிருக்கக்கூடிய வழிகளை எழுதினார்கள். இனிய நினைவை எழுதியவர்களுக்குத்தான் நிறைவு கூடியிருக்கும் என்று பலரும் நினைப்பார்கள். கூடியது இரண்டாவது குழுவுக்கு. இருக்கும் ஒன்று இல்லாமல் போயிருக்கலாம் என்று எண்ணிய உடனே அதன் மேல் படிந்திருந்த பழக்கத்தின் தூசி பறந்துவிடுகிறது.

தமிழில் மனம் நெகிழ்ந்து நன்றி சொல்பவர்கள் முதலில் சொல்வது எதை என்று கவனித்தால் வியப்பாக இருக்கும். ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்கக் கூட இருந்தவரிடம், சமயத்தில் பணம் கொடுத்து உதவியவரிடம், "நீங்க மட்டும் இல்லேன்னா என் கதி என்ன ஆகியிருக்கும்!" என்பார்கள். அந்த ஆய்வு கேட்ட கேள்வியை ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடும் சொல் இது. உதவியவரை ஒரு கணம் காட்சியிலிருந்து நீக்கிப் பார்த்து, அந்த வெறுமைக்கு அஞ்சி, பிறகு அவரைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் நன்றி.

சொல்லாத நன்றி

தமிழ் வீட்டுக்குள் "நன்றி" என்ற சொல் அநேகமாகக் கேட்பதே இல்லை. மேடையில் உண்டு, கடிதத்தின் கடைசியில் உண்டு, நகரப் பேச்சில் "தேங்க்ஸ்" உண்டு. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த மகளுக்கு "நன்றி" என்று சொல்லும் தாயைப் பார்ப்பது அரிது, சொன்னால் மகள் திகைத்துப் போவாள். அதே மொழியில் "நன்றி கெட்டவன்" என்பதும் "உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன்" என்பதும் மிகக் கடுமையான வசைகள். வாயால் சொல்லாவிட்டாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், மறந்தால் மன்னிக்க மாட்டார்கள்.

தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை, தென்னிந்தியாவில் நன்றியுணர்வு எப்படி இயங்குகிறது என்று 1985இல் தனிக் கட்டுரையே எழுதினார். இங்கே அது சொல்லைவிட நடத்தையிலும், காலம் பார்த்துத் திருப்பிச் செய்வதிலும் வெளிப்படுகிறது என்பது அவர் கண்டது. இதைத் தமிழர்களின் தனிக்குணம் என்று சொல்லிவிடவும் முடியாது. சிமியோன் ஃபிளாய்டு குழுவினர் ஐந்து கண்டங்களில் எட்டு மொழிகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், கேட்ட சிறு உதவி கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட தருணங்களில் நன்றி சொல்லப்பட்டது ஏறக்குறைய இருபதில் ஒன்றில்தான். ஆங்கிலம் பேசுகிறவர்கள்கூட ஆறு ஏழு முறைக்கு ஒருமுறையே சொன்னார்கள். உப்பை எடுத்துக் கொடு என்றால் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை எல்லா வீடுகளிலும் பேசாமலே இயங்குகிறது.

திருக்குறளில் 11ஆவது அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றியறிதல். அங்கே நன்றி என்பது ஒருவர் செய்த நன்மையைக் குறிக்கிறது. அந்த நன்மையை அறிய வேண்டும் என்றுதான் அதிகாரம் கேட்கிறது. தினையளவு உதவியைப் பனையளவாகக் காண்பது அதன் பயன் தெரிந்தவர்களின் பார்வை என்று அங்கே வள்ளுவர் சொல்வதும் கண் சம்பந்தப்பட்ட விஷயமே. உதவியின் அளவைக் கூட்டுவது பார்க்கிறவரின் கூர்மை. சொல்லுதல் என்று வைக்காமல் அறிதல் என்று வைத்த அந்தத் தலைப்புக்கு, கவனத்தைப் பற்றிய இன்றைய ஆய்வுகளோடு நெருங்கிய உறவு இருக்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறையாவது இந்த அறிதலுக்கு நாள் குறித்து வைத்திருக்கிறது தமிழ் வாழ்க்கை. மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் பூசுகிறார்கள். ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையில் ஆற்றுக்குப் படைக்கிறார்கள். ஆயுத பூஜையன்று தையல் இயந்திரம், ஸ்பானர், தராசு, கத்தரிக்கோல், ஆட்டோ, அரசுப் பேருந்து எல்லாம் துடைக்கப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொள்கின்றன. ஆண்டு முழுக்கக் கையில் இருந்தும் கண்ணில் படாத திருப்புளியை ஒரு மெக்கானிக் அன்று எண்ணெய் போட்டுத் துடைத்து நிமிர்த்தி வைக்கிறார். தினமும் செய்தால் இதுவும் கை வேலையாகிவிடும். ஆண்டு இடைவெளி அந்தச் சடங்கைப் புதிதாகவே வைத்திருக்கிறது.

ஆனாலும் சொல்லுக்கும் ஓர் இடம் உண்டு, அதைத் தமிழ் வீடுகள் கொஞ்சம் கூடுதலாகவே தவற விடுகின்றன. சேர்ந்து வாழும் இணைகளின் இரண்டு வார நாட்குறிப்புகளைச் சாரா அல்கோவும் சக ஆய்வாளர்களும் 2010இல் ஆராய்ந்தார்கள். துணை செய்த சின்னக் காரியத்துக்கு ஒருவர் நன்றி உணர்ந்த நாளுக்கு மறுநாள், இருவருக்குமே உறவு நெருக்கமாகத் தோன்றியது. அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கையில் உதவிய ஒருவருக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள். எழுதியவர்கள், பெறுகிறவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று மிகையாகக் கணித்தார்கள். அவர் அடையப்போகும் மகிழ்ச்சியையும் வியப்பையும் குறைவாகவே கணித்தார்கள். பழைய ஆசிரியருக்குப் போன் செய்யத் தயங்கும் ஒவ்வொருவரும் இதே தப்புக் கணக்கைத்தான் போடுகிறார்கள்.

எல்லை

நன்றிப் பயிற்சி மருந்தாகாது. 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 3,675 பேரின் விவரங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த டேவிட் கிரெக், ஜெனிஃபர் சீவன்ஸ் இருவரும், மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைப்பதில் இதன் பலன் சிறிதே என்று கண்டார்கள். மனச்சோர்வால் வாடுகிறவரிடம் "இருப்பதை நினைத்துச் சந்தோஷப்படு" என்று சொல்வது உதவியாகாது. அவருக்கு மருத்துவரும் துணையும் வேண்டும். கூலி கொடுக்காத முதலாளியும், அடிக்கும் கணவனும் எதிர்பார்க்கும் நன்றி வேறு வகை. அதற்கு அடங்கிப்போவது என்று பெயர். கிடைக்க வேண்டியதைக் கேட்கும் உரிமையை விட்டுவிட்டு வரும் மனநிறைவுக்கும், இங்கே பேசப்படும் நன்றியுணர்வுக்கும் தொடர்பில்லை.

சாதாரண நாளின் மதிப்பு

எந்த நிமிடத்தைக் கவனிப்பது என்பதிலும் மனிதர்கள் தவறாகக் கணிக்கிறார்கள். டிங் ஜாங் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 135 மாணவர்கள் கோடை விடுமுறைத் தொடக்கத்தில் சமீபத்திய பேச்சு, கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டு, நண்பர்களுக்குள் மட்டும் புரியும் வேடிக்கை போன்றவற்றை எழுதி வைத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் படிக்கும்போது எவ்வளவு ஆர்வமாக இருக்கும் என்று கேட்டதற்குக் குறைத்தே சொன்னார்கள். படித்தபோது, நினைத்ததைவிட அதிகமாக ரசித்தார்கள். காதலர் தினத்தையும் அதையொட்டிய ஒரு சாதாரண நாளையும் வைத்துச் செய்த சோதனையில், சாதாரண நாளின் குறிப்பைத்தான் இன்னும் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். திருமண ஆல்பங்கள் எல்லா வீட்டிலும் இருக்கின்றன. பாட்டி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு பேசிய ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் எந்த ஆல்பத்திலும் இல்லை, அவர் போன பிறகு பேரப்பிள்ளைகள் தேடுவது அந்த மதியத்தைத்தான்.

அலுப்பான வேலைக்குள்ளும் இதைத் தேட முடியும். ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 51 மாணவர்கள் பாத்திரம் கழுவினார்கள். சிலர் முன்னதாக, கழுவும்போது கழுவுவதையே கவனிக்கச் சொல்லும் பகுதியைப் படித்தார்கள், மற்றவர்கள் கழுவும் முறையைப் பற்றி மட்டும் படித்தார்கள். 2015இல் வெளியான முடிவின்படி, தண்ணீரின் வெதுவெதுப்பையும் சோப்பின் மணத்தையும் கவனித்துக் கழுவியவர்களுக்குப் பதற்றம் 27 சதவீதம் குறைந்தது. மற்றவர்களுக்கு மாற்றமில்லை. எந்நேரமும் ஒரே பெண் தலையில் விழும் பாத்திரக் குவியலுக்கு இது நியாயம் ஆகாது, வீட்டில் எல்லோரும் முறை வைத்துக் கழுவினால் எல்லோருக்கும் அந்த அமைதி கிடைக்கும்.

வயது ஏற ஏற இந்தக் கண் திறப்பதும் ஆய்வுகளில் தெரிகிறது. அமித் பட்டாச்சார்ஜியும் கேசி மோகில்னரும் 2014இல் வெளியிட்டதன்படி, இளையவர்களுக்கு அபூர்வமான அனுபவங்களே அதிக மகிழ்ச்சி தருகின்றன. எதிரே இருக்கும் காலம் குறைவு என்று உணர்கிறவர்களுக்கு, சாதாரண அனுபவங்களும் அதே அளவு மகிழ்ச்சி தரத் தொடங்குகின்றன. திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் முதியவரைப் பொழுது போகாதவர் என்று நினைப்பது வழக்கம். அவர் பார்த்துக்கொண்டிருப்பது முப்பது வயதுக்காரருக்குத் தெரியாத ஒன்றாக இருக்கலாம்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் வர்ஜீனியா ஸ்டர்ம் குழுவினர் 52 முதியவர்களை வைத்து எட்டு வாரம் நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. எல்லோரும் வாரம் ஒருமுறை பதினைந்து நிமிடம் நடந்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும், குழந்தையின் கண்ணோடு புதிதாகப் பார்த்துக்கொண்டே நடக்கும்படி சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு நடையின்போதும் எல்லோரும் தங்களைத் தாங்களே படம் எடுத்தார்கள். வாரங்கள் செல்லச் செல்ல, அந்தக் குழுவினரின் படங்களில் அவர்களின் சிரிப்பு விரிந்துகொண்டே வந்தது. படத்தில் அவர்கள் பிடித்த இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. அப்படிச் சுருங்கி விட்ட இடத்தில், நடந்த வழியின் காட்சிகள் நிறைந்திருந்தன.